பெத்லகேமுக்கு எவ்வளவு புகழ் தகும்?

2024 ஜூலை 26 அன்று புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, மொரேவியத் திருச்சபையார் கட்டிய குடியிருப்புகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. டென்மார்க்கின் கிறிஸ்டியான்ஸ்ஃபெல்ட் 2015 முதலே அந்தப் பட்டியலில் உண்டு. இப்போது ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பெத்லகேம் ஆகிய மூன்றும் அதனுடன் சேர்ந்துகொண்டன. இன்றைய பெத்லகேம் எழுபதாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரம். உலக மரபு என்ற தகுதி கிடைத்திருப்பது அதன் நடுவே, மொனாக்கசி ஓடைக்கு மேலுள்ள மேட்டில், 1741இல் தொடங்கிச் சில நூறு பேர் கட்டிய சிற்றூருக்கு.

அந்தச் சிற்றூரைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி புகழுரை. கூலி வாங்காமல் எல்லாரும் எல்லாருக்காகவும் உழைத்த ஊர். பெண்களுக்குக் கல்வி கொடுத்த ஊர். ஐரோப்பியரும் ஆப்பிரிக்கரும் பூர்வகுடியினரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில், ஒரே அளவிலான தட்டைக் கற்களின் கீழ் அருகருகே கிடக்கும் ஊர். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் பொய்யில்லாத செய்திகளை மட்டுமே அடுக்கியும் தவறான ஒரு சித்திரத்தைத் தீட்டிவிட முடியும். பெத்லகேமின் தொடக்க வரலாற்றுக்கு அதுதான் நேர்ந்திருக்கிறது என்பது என் கருத்து. எந்தப் புகழ் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சான்றுகளைக் கொண்டே பார்க்கலாம்.

மொரேவியர்களின் வேர் பொஹீமியாவில் இருக்கிறது. 1415இல் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹுஸின் வழிவந்த சகோதரர் சபை, 17ஆம் நூற்றாண்டின் மதப்போர்களில் நசுக்கப்பட்டது. அதில் எஞ்சியவர்களில் சிலர் 1722இல் சாக்சனிக்குத் தப்பிவந்து, நிக்கோலாஸ் ஃபொன் ஜின்சென்டார்ஃப் என்ற இளம் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட்டைக் கட்டினார்கள். இந்தப் பிரபு தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ஹாலே நகரில் மாணவராக இருந்தபோது, சீகன்பால்குவின் பணியைத் தாங்கிநின்ற ஃபிராங்கெயின் வீட்டில், தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். தொலைநாட்டு ஊழியத்தின் மீது தமக்கிருந்த பற்றை அந்த நாட்களோடு இணைத்தே அவர் பின்னர் நினைவுகூர்ந்தார். அவருடைய சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து, நிக்கோபார் தீவுகளுக்குப் போகும் நோக்கத்தோடு அங்கே தோட்டம் வாங்கித் தங்கினார்கள். தரங்கம்பாடித் தோட்டமும் பெத்லகேமும் ஒரே வலையின் இரண்டு முடிச்சுகள். ஊழியர்களை வெளியே அனுப்பவும், அனுப்பியவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்துத் தாங்கவும் ஏற்பட்ட தளங்கள் அவை. பெத்லகேமை முதலில் ஊராகவும் பிறகு ஊழியத் தளமாகவும் பார்ப்பவர்கள் அதன் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

குடியேற்றத்தின் கதை சுருக்கமானது. 1735இல் ஜார்ஜியா காலனிக்குப் போன மொரேவியர்கள், ஸ்பானியருக்கு எதிராக ஆயுதம் ஏந்த மறுத்ததால் அங்கே நிலைக்க முடியாமல் 1740இல் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். புகழ்பெற்ற போதகர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் நாசரேத் என்ற இடத்தில் 5,000 ஏக்கர் வாங்கி, கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட இவர்களை வேலைக்கு வைத்தார். கொள்கைத் தகராறு வந்தது, வெளியேறச் சொன்னார். 1741இல் லீஹை ஆறும் மொனாக்கசி ஓடையும் கூடுமிடத்தில் வில்லியம் ஆலன் என்ற ஃபிலடெல்ஃபியாப் பணக்காரரிடம் 500 ஏக்கர் வாங்கிக் குடியேறினார்கள். கொஞ்ச நாளில் பண நெருக்கடியில் சிக்கிய விட்ஃபீல்டிடமிருந்து நாசரேத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், பாதி தொழுவமாக இருந்த மரவீட்டில் ஜின்சென்டார்ஃபும் சேர்ந்து பாடியபோது ஊருக்குப் பெயர் கிடைத்தது. வரலாற்றாசிரியர்கள் விரும்பி எழுதும் காட்சி இது. அந்தக் காட்சியில் நான் நெடுநேரம் நிற்கப்போவதில்லை, ஏனென்றால் ஊரின் போக்கைத் தீர்மானித்தது 1742இல் செய்த ஒரு ஏற்பாடு. மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதியினர் ஊர் ஊராகவும் பூர்வகுடிகளிடமும் ஊழியத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து உழைத்து அவர்களைத் தாங்குவார்கள்.

இந்த ஏற்பாட்டிலிருந்தே அந்தப் பொதுப் பொருளாதாரம் வளர்ந்தது. ஸ்பாங்கன்பெர்க் என்ற தலைவரின் கீழ் 1762 வரை அது நீடித்தது. யாருக்கும் கூலி கிடையாது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் சபையின் பொறுப்பு. இதைப் பொதுவுடைமை என்று சொல்வது மிகை. உறுப்பினர்கள் தங்கள் சொத்தைச் சபைக்கு எழுதிக்கொடுக்கவில்லை. உழைப்பை மட்டுமே கொடுத்தார்கள். நிலமும் பட்டறையும் சபையின் பெயரில் இருந்தன. எனவே அது எல்லாரும் உரிமையாளர்களாக இருந்த ஊர் என்பதைவிட, எல்லாரும் ஒரே முதலாளியிடம் கூலியின்றி வேலை செய்த ஊர் என்பதே சரி. அந்த முதலாளியின் மீது அவர்களுக்கு உண்மையான பக்தி இருந்தது என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். பிடிக்காதவர் விலகிப் போகத் தடையிருக்கவில்லை.

விளைவு வியக்கத்தக்கது. காட்டின் விளிம்பில் சாதாரணக் குடியேறி ஒருவர் மரம் வெட்டி, வேலி கட்டி, முதல் சில அறுவடைகளைப் பார்ப்பதற்குள் பல ஆண்டுகள் போய்விடும். பெத்லகேமிலோ பத்தாண்டு முடியும் முன்பே முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் நடந்தன. மாவு ஆலை, மரம் அறுக்கும் ஆலை, எண்ணெய் ஆலை, தோல் பதனிடுதல், சாயம் போடுதல், கொல்லுப்பட்டறை, குயவு, தொப்பி செய்தல் என்று அது நீளும். காரணம் என்ன? பக்தியும் கடும் உழைப்பும் என்பது வழக்கமான பதில். ஆனால் அதே காலத்தில் பென்சில்வேனியாவில் பக்திக்கோ உழைப்புக்கோ பஞ்சமில்லை. மென்னனைட்டுகள், குவேக்கர்கள் போன்ற பிற சபையார் மொரேவியர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர். வேறுபாடு குடும்பத்தில் இருக்கிறது. பெத்லகேம் குடும்பம் என்ற அமைப்பையே கலைத்துப் போட்டது. வயது, பால், மணநிலை ஆகியவற்றின்படி மக்களைக் குழுக்களாகப் பிரித்து, மணமாகாத ஆண்களுக்கு ஒரு பெருவீடு, மணமாகாத பெண்களுக்கு ஒன்று, கைம்பெண்களுக்கு ஒன்று என்று வைத்தார்கள். நூறு வீட்டில் நூறு அடுப்பு எரியாமல் சில பெரிய அடுப்புகள் எரிந்தன. குழந்தைகள் இரண்டு வயது நிரம்பும் முன்பே பொதுக் குழந்தைகள் இல்லத்துக்குப் போனதால் தாய்மார்களின் கைகளும் வேலைக்குக் கிடைத்தன. ஊரின் வேகத்துக்கு அடிப்படை இந்த உழைப்புச் சிக்கனமே. அதில் பெண்களின் பங்கைத் தனியாக எடுத்துச் சொல்லாத எந்த வரலாறும் கணக்கில் பாதியை விட்டுவிடுகிறது.

இந்த முறையால் என்ன செய்ய முடிந்தது என்பதற்கு ஊரின் நீரேற்று நிலையம் நல்ல சான்று. ஊற்று கீழே ஓடைக்கரையில். ஊர் மேலே மேட்டில். தண்ணீரை மேட்டுக்குச் சுமப்பதே ஒரு வேலையாக இருந்தது. ஹான்ஸ் கிறிஸ்டோஃப் கிறிஸ்டியான்சென் என்ற ஆலைத் தச்சர், ஓடையின் ஓட்டத்தால் சுழலும் சக்கரத்தைக் கொண்டு பம்பை இயக்கி, துளையிட்ட மரக்கட்டைகளையே குழாயாகப் பதித்து, 1755இல் ஊர் நடுவுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார். 1762இல் சுண்ணாம்புக்கல் கட்டடம் கட்டி, மூன்று இரும்புப் பம்புகளால் தொண்ணூறு அடிக்கு மேல் நீரேற்றினார்கள். மேலே ஒரு தொட்டிக் கோபுரம். அங்கிருந்து தன் கனத்தாலேயே வழிந்து பெருவீடுகளின் தொட்டிகளுக்குத் தண்ணீர் போனது. அமெரிக்காவின் முதல் நீர்வழங்கல் என்று இதைச் சொல்வார்கள். அது துல்லியமில்லை, பாஸ்டனில் 1650களிலேயே சரிவில் வழிந்துவரும் குழாய்நீர் இருந்தது. எந்திரத்தால் நீரேற்றி ஊருக்கு வழங்கிய முதல் அமைப்பு என்றால் அந்தப் புகழ் நிற்கும். 1777இல் இங்கு வந்த ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பம்புகளைக் குறிப்பிடத் தவறவில்லை. கட்டடம் இன்றும் ஓடைக்கரையில் இருக்கிறது. கிராமத்துத் தண்ணீர்த் தொட்டியையும் தெருக்குழாயையும் பார்த்து வளர்ந்த நமக்கு, 270 ஆண்டுகளுக்கு முன் சில நூறு பேர் தங்களுக்காகவே இதைக் கட்டிக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

பெண்களைப் பற்றிய புகழுக்கும் வலுவான ஆதாரம் உண்டு. ஜின்சென்டார்ஃபின் மகள் பெனிக்னா பதினாறு வயதில் 1742இல் தொடங்கிய பெண்கள் பள்ளி இன்றைய மொரேவியன் பல்கலைக்கழகத்தின் மூலங்களில் ஒன்று. பெண் குழுக்களைப் பெண்களே நடத்தினார்கள். அவர்களின் ஆன்ம வழிகாட்டிகளும் பெண்களே. ஒவ்வொரு உறுப்பினரும் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதவோ சொல்லி எழுதவைக்கவோ வேண்டும். இறந்த பிறகு அதைச் சபையில் வாசிப்பார்கள். அதனால் பதினெட்டாம் நூற்றாண்டுத் துணி வெளுப்பவர், நூல் நூற்பவர், சமையற்காரி ஆகியோரின் சொந்தக் குரல்கள் ஊரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வேறெந்தக் காலனி ஊருக்கும் இப்படி ஒரு செல்வம் வாய்க்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் பெண்ணின் தலையில் இருந்த தொப்பியைக் கொஞ்சம் கவனியுங்கள். வெள்ளைத் தொப்பியின் நாடா சிறுமிக்குச் சிவப்பு, மணமாகாதவளுக்கு இளஞ்சிவப்பு, மணமானவளுக்கு நீலம், கைம்பெண்ணுக்கு வெள்ளை. தெருவில் நடந்துபோகும் பெண்ணின் நிலை என்னவென்று பத்தடி தூரத்தில் தெரிந்துவிடும். யாரை மணப்பது என்பதை மூப்பர்கள் முன்மொழிந்து, சீட்டுப் போட்டுக் கடவுளின் விருப்பம் கேட்டு முடிவு செய்தார்கள். மறுக்கும் உரிமை இருவருக்கும் இருந்தது. 1749 ஜூலையில் ஒரே நாளில் 28 இணைகளுக்குத் திருமணம் நடந்தது. அவர்கள் உடனே தனிக்குடித்தனம் போகவில்லை. கணவனும் மனைவியும் தனித்திருக்க முறைவைத்துத்தான் இடம் கிடைத்தது. பிள்ளையை இரண்டு வயதுக்குள் கொடுத்துவிட்ட தாயின் மனநிலையை அந்த வாழ்க்கைக் குறிப்புகளிலிருந்து முழுமையாக அறிய முடியாது, ஏனென்றால் சபையில் வாசிக்கப்படும் என்று தெரிந்தே எழுதப்பட்டவை அவை. பெத்லகேம் பெண்ணுக்கு எழுத்தறிவும் பொறுப்பும் பதவியும் கொடுத்தது. தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கவில்லை. ஆணுக்கும் அது கிடைக்கவில்லை என்பது உண்மைதான், ஆனாலும் இதை விடுதலை என்று அழைக்க என்னால் முடியாது. ஜின்சென்டார்ஃப் 1760இல் இறந்த பின் பெண்களின் பதவிகள் மெல்லக் குறுக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த உயர்வு எவ்வளவு தூரம் தலைவரின் தனிப்பட்ட நம்பிக்கையைச் சார்ந்திருந்தது என்பது புலனாகும்.

சமத்துவம் என்ற சொல் மேலும் தடுமாறுவது அடிமை முறையில். மேற்கு ஆப்பிரிக்காவில் இக்போ குடும்பத்தில் பிறந்த ஓஃபோடோபென்டோ வூமா என்ற சிறுவன் கடத்தப்பட்டு, ஆன்டிகுவா வழியாக நியூயார்க்குக்கு விற்கப்பட்டான். அவனுடைய எசமானரான வணிகர் அவனை ஸ்பாங்கன்பெர்க்குக்குக் கொடுத்தார். 1746இல் பெத்லகேமில் ஆண்ட்ரூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்று, மற்றவர்களோடு ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி, 1779இல் இறந்து, அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் எஞ்சியிருக்கிறது. வெளியே சவுக்கடியும் சந்தையும் நடந்த காலத்தில் இது பெரிய வேறுபாடு. ஆயினும் பெத்லகேமின் சபை ஆட்களை விலைக்கு வாங்கியிருக்கிறது, உடைமையாக வைத்திருந்திருக்கிறது. யாருக்குமே கூலி இல்லாத ஊரில் அடிமைக்கும் சகோதரனுக்கும் நடைமுறையில் வேறுபாடு தெரியவில்லை என்று ஒரு வாதம் உண்டு. அந்த வாதம் நிற்காது. சகோதரன் கிளம்பிப் போகலாம், ஆண்ட்ரூவால் முடியாது. ஒரே கல்லறைத் தோட்டம் என்பதைச் சமத்துவத்தின் சான்றாகக் காட்டுபவர்கள், உயிரோடு இருந்தபோது யார் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கடந்து போய்விடுகிறார்கள்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். இந்த ஊரைப் பற்றிய மதிப்பீட்டில் மிகுந்த எடையை நான் வைப்பது இங்கேதான்.

லீஹை பள்ளத்தாக்கு லெனாப்பே மக்களின் நாடு. 1737இல் பென்சில்வேனியாவின் உரிமையாளர் தாமஸ் பென்னும் அவருடைய முகவர் ஜேம்ஸ் லோகனும், 1686இல் கையெழுத்தானதாகச் சொல்லப்பட்ட ஒரு பழைய பத்திரத்தை எடுத்து நீட்டினார்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் தூரம்வரை நிலம் பென் குடும்பத்துக்குச் சேரும் என்பது அதன் வாசகம் என்றார்கள். லெனாப்பே தலைவர்களான நூட்டிமஸ், லாப்பவின்சோ, டிஷ்கோஹன், மனாக்கிஹிக்கன் ஆகியோர் இறுதியில் அதற்கு ஒப்பினார்கள். ஆற்றோரமாகப் பேசிக்கொண்டும் இளைப்பாறிக்கொண்டும் நடக்கும் நடையைத்தான் அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். மறுபக்கத்தில் முன்கூட்டியே காட்டுக்குள் பாதை வெட்டிவைத்து, வேகமாக நடக்கத் தெரிந்த மூவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். செப்டம்பர் 19 காலையில் புறப்பட்ட மூவரில் இருவர் வழியில் தளர்ந்து விழுந்தார்கள். எட்வர்ட் மார்ஷல் மட்டும் மறுநாள் நண்பகல்வரை தாக்குப்பிடித்து அறுபது மைல் அளவுக்குக் கடந்தார். அங்கிருந்து டெலவேர் ஆற்றுக்குக் குறுக்குக்கோடு போடும்போது, நேராகக் கிழக்கே போடாமல் வடகிழக்காகச் சாய்த்துப் போட்டார்கள். ஏறத்தாழ 1,200 சதுர மைல் கைமாறியது. அந்தப் பகுதியில் இந்த நடைக்கு முன்பே நிலம் வாங்கி விற்கத் தொடங்கியிருந்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் ஆலன். பெத்லகேமின் 500 ஏக்கரை விற்ற அதே ஆலன்.

மொரேவியர்கள் இந்த மோசடியைச் செய்யவில்லை. விலை கொடுத்து, பத்திரம் எழுதி வாங்கினார்கள். அவர்களுக்காகப் பேசுவோர் முதலில் சொல்வது இது. சட்டத்தின் அளவில் சரியும்கூட. ஆனால் 1742இல், வடக்கிலிருந்து வந்த இரோக்வா பேச்சாளர் கனசட்டேகோ ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் லெனாப்பேக்களை வெளியேறச் சொல்லி அவமதித்த அதே ஆண்டில், நாசரேத் நிலத்திலேயே ஒரு லெனாப்பே ஊர் இருந்தது. அவர்கள் போக மறுத்தார்கள், விண்ணப்பம் கொடுத்தார்கள், கடைசியில் போகவேண்டியதாயிற்று. ஆகவே, தெரியாமல் வாங்கிவிட்டார்கள் என்ற வாதத்துக்கு அந்த ஆண்டுக்கு மேல் ஆயுள் கிடையாது.

தவிர, பூர்வகுடிகளின் மொழியை ஊன்றிக் கற்ற வெள்ளையர் இவர்கள். டேவிட் ஸைஸ்பெர்கர் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். 1746இல் மஹோனிங் ஓடைக்கரையில் மொஹிக்கன், லெனாப்பே கிறிஸ்தவர்களுக்காக க்னாடன்ஹூட்டன் என்ற ஊரை அமைத்தார்கள். லெனாப்பே தலைவர் டீடியஸ்கங் 1750இல் அங்கேதான் கிதியோன் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். சில ஆண்டுகளில் அவர்களைவிட்டு விலகி, 1756இல் ஈஸ்டன் மாநாட்டில் ஆளுநரின் முகத்துக்கு நேரே நில மோசடியைக் குற்றம் சாட்டினார். அந்தக் குறையை அவர் நெஞ்சில் சுமந்துகொண்டு மொரேவியர் நடுவே இருந்த ஆண்டுகளில் அதை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நம்புவது கடினம். அந்த வழக்கை வெளிப்படையாகக் கையிலெடுத்தவர்கள் குவேக்கர்கள். அவர்களுக்கும் பென் குடும்பத்தோடு அரசியல் கணக்கு இருந்தது, இருந்தாலும் பேசினார்கள். மற்ற வெள்ளையரைவிட அதிகம் அறிந்தவர்களும் அதிகம் நேசித்தவர்களும் மொரேவியர்களே. அதனாலேயே அவர்களின் மௌனத்தை மற்றவர்களின் மௌனத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

அந்த நில வஞ்சகத்துக்கான விலை பெத்லகேமின் வாசலுக்கே வந்தது. 1755 நவம்பர் 24 இரவு க்னாடன்ஹூட்டன் தாக்கப்பட்டு, ஊழியர் குடும்பங்களைச் சேர்ந்த பதினொருவர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கான அகதிகளுக்கு பெத்லகேம் இடம் கொடுத்தது. அடுத்த ஜனவரியில் அவ்வழியே வந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஆயுதம் ஏந்தாதவர்கள் என்று தாம் எண்ணியிருந்த மக்கள் நியூயார்க்கிலிருந்து துப்பாக்கிகள் வரவழைத்திருப்பதையும், உயரமான வீடுகளின் சன்னல்களுக்கிடையே பெண்கள் எறிவதற்காகக் கற்களைக் குவித்திருப்பதையும் கண்டு வியந்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். 1758இல் எஞ்சிய கிறிஸ்தவப் பூர்வகுடிகளுக்காக ஊருக்கருகே நாயின் என்ற சிற்றூர் எழுந்தது. 1763இல் எல்லைப்புற வெள்ளையரின் கொலைவெறிக்கு அஞ்சி, அரசு அவர்களை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோய்ப் படைக்கொட்டிலில் அடைத்தது. சுமார் 140 பேரில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் அங்கே நோயில் மடிந்தார்கள். மிஞ்சியவர்கள் திரும்பி வந்து குடியிருக்க விடப்படவில்லை. நாயினின் வீடுகள் விற்கப்பட்டன. அவர்களின் வழித்தோன்றல்களும் உறவினருமான 96 பேரை 1782இல் ஒஹையோவில், அதே க்னாடன்ஹூட்டன் பெயர் கொண்ட வேறொரு மொரேவிய ஊரில், பென்சில்வேனியப் படையினர் கொன்றார்கள். மூன்று இனமும் ஒன்றாக வாழ்ந்த ஊர் என்ற வாசகத்துக்கு உரிய காலம் இருபது ஆண்டு சொச்சம்தான்.

1762இல் பொதுப் பொருளாதாரம் ஏன் முடிந்தது என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. 1903இல் ஊர் வரலாற்றை விரிவாக எழுதிய லெவரிங் மொரேவிய ஆயர். ஆவணங்களை அவரளவுக்கு அறிந்தவர் குறைவு. ஆனால் எல்லாவற்றையும் கடவுளின் வழிநடத்தலாகக் காணும் பார்வை அவருடையது. 1967இல் சமூகவியலாளர் கில்லியன் லின்ட் கொலின் ஹெர்ன்ஹூட்டையும் பெத்லகேமையும் ஒப்பிட்டு, பொருளியல் நாட்டம் சமயப் பிடிப்பை மெல்ல அரித்தது என்ற முடிவுக்கு வந்தார். பெவர்லி ஸ்மேபி 1988இல் வாழ்க்கைக் குறிப்புகளையும் மக்கள்தொகைச் சான்றுகளையும் வைத்து, குழு வாழ்விலிருந்து குடும்ப வாழ்வுக்கு நடந்த மாற்றத்தைக் காட்டினார். 2009இல் காதரின் கார்ட்டே எங்கல் கொலினின் சட்டகத்தையே மறுத்தார். வணிகமும் பக்தியும் இவர்களிடம் பகையாக இருந்ததே இல்லை. ஊழியத்துக்காகவே வணிகம் நடந்தது. போரும் ஐரோப்பியத் தலைமையின் கடனும் அந்த ஊழியத்தை முறித்தன என்பது அவர் வாதம். எனக்கு எங்கலின் வாதமே வலுவாகத் தெரிகிறது. 1753இல் லண்டனில் சபை கடனில் மூழ்கியது. 1755இல் க்னாடன்ஹூட்டன் எரிந்தது. 1760இல் ஜின்சென்டார்ஃப் மறைந்தார். எதற்காகக் கூலியின்றி உழைத்தார்களோ அந்தக் காரணம் மங்கியபோது, உழைத்த முறையும் போனது. பேராசை நுழைந்து பக்தியைக் கெடுத்தது என்ற கதை கேட்கச் சுகமாக இருக்கிறது. தேதிகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

அதன் பிறகான வளர்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். குடும்பங்கள் தனிவீடு பெற்றன. ஆனால் நிலம் சபையிடமே இருந்தது, உறுப்பினர் அல்லாதோர் குடியேற முடியவில்லை. அந்த நூற்றாண்டு முழுவதும் ஊர் சில நூறு பேரைத் தாண்டி அதிகம் வளரவில்லை. 1829இல் லீஹை கால்வாய் திறந்தது. 1844இல் சபையாருக்கு மட்டுமே குத்தகை என்ற விதி கைவிடப்பட்டது. துத்தநாகம், 1855இல் ரயில், பிறகு இரும்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆற்றின் தென்கரையில் சபை விற்ற நிலத்தில் எழுந்த ஆலைகளே பின்னாளில் உலகறிந்த பெத்லகேம் ஸ்டீல் ஆயின. உலைகள் 1995இல் அணைந்தன. மொரேவியரின் கைத்தொழில் மரபுதான் எஃகு நகரமாக மலர்ந்தது என்று சுற்றுலா ஏடுகள் எழுதுவதை ஏற்பதற்கில்லை. நிலக்கரியும் ரயிலும் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளரும் சேர்ந்து உருவாக்கிய வேறொரு ஊர் அது. பழைய ஊர் வழிவிட்ட பிறகே அது வளர முடிந்தது.

ஆக, என் தீர்ப்பு இது. உழைப்பை ஒழுங்குபடுத்துவதிலும், நீர், மருத்துவம், கல்வி போன்ற பொதுத் தேவைகளை முதலிலேயே கட்டிவைப்பதிலும், எளிய மனிதரின் வாழ்க்கையை எழுதிவைப்பதிலும் பதினெட்டாம் நூற்றாண்டு வட அமெரிக்காவில் பெத்லகேமுக்கு இணையான சிற்றூரை எனக்குத் தெரியாது. உலக மரபுத் தகுதி அதற்கு உரியதே. சமத்துவ ஊர் என்ற பட்டம் அதற்குப் பொருந்தாது. அங்கே பங்கீடு ஏறக்குறையச் சமமாக இருந்தது; முடிவெடுக்கும் அதிகாரம் சமமாக இல்லை, உடலின் மீதான உரிமையும் சமமாக இல்லை. நிலத்தின் விஷயத்தில் அது தன் அண்டையாரைவிடச் சிறந்ததாக நடந்துகொள்ளவில்லை. நீரேற்று நிலையத்தின் சிறப்பைச் சொல்லும் எந்த நூலும் 1737இன் நடையையும் நூட்டிமஸின் பெயரையும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லவேண்டும், பின்னிணைப்பில் தள்ளக்கூடாது.

இது முடிந்துபோன பழங்கதை என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். லெனாப்பேக்களின் வழிவந்த டெலவேர் நேஷன், பெத்லகேமுக்கு அருகே ஃபோர்க்ஸ் பகுதியில் ஒரு காலத்தில் லெனாப்பே மொழிபெயர்ப்பாளர் டட்டாமிக்குச் சொந்தமாயிருந்த 315 ஏக்கரை மட்டும் கேட்டு அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. மோசடி நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும் அவர்களுடைய நில உரிமை 1737இலேயே அற்றுப்போய்விட்டது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.